வெடிக்காத ஒன்று

மறுபடியும் ஏழு மணித் திசை.
கறுப்பு வட்டத்தின் இடது கீழ் மூலையில்
வாடகைக்கு வீடெடுத்ததுபோல்
என் துளைகள் கூடிக் குடியிருக்கின்றன.

முதலில் பிடியைத்தான் சந்தேகித்தேன்.
வால்நட் மரம். யாரோ ஒரு ஜெர்மன்காரர் கைக்கு
அளவெடுத்துச் செதுக்கியது.
அவருக்குக் கட்டைவிரல் நீளம் போலும்.
ஈசூன் கிளப்பின் பின்மேசையில் மூன்று சனிக்கிழமை
மரப்பசை அப்பி, காயவிட்டு,
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து
உள்ளங்கைப் பள்ளத்துக்கு ஒரு மேடு கட்டினேன்.
சுண்டுவிரல் இறுகினால் குழல் ஒரு பக்கம் சாயும்.
கட்டைவிரல் அழுந்தினால் இன்னொரு பக்கம்.
கைகுலுக்குவதுபோல் பிடி என்கிறார்கள்.
யார் கையை,
என்ன மனநிலையில்,
அதைச் சொல்வதில்லை.

அப்புறம் நிற்கும் விதம்.
கண்ணை மூடிக் கையை உயர்த்தி
மூச்சில் பாதி போனதும் திறந்து பார்த்தால்
கை தானாக எங்கே நிற்கிறதோ
அதுதான் உடம்பின் நிஜமான ஆசை.
என் உடம்பு
பக்கத்துத் தடத்து இலக்குக்கு ஆசைப்பட்டது.
கையை வளைத்துத் திருத்தக்கூடாது.
வளைத்த கை ஐந்தாவது குண்டுக்குள்
தன் ஊருக்குத் திரும்பிவிடும்.
பின்காலை ஓர் அங்குலம் நகர்த்தினேன்.
இன்னும் அரை அங்குலம்.
இடது கை காற்சட்டைப் பையில்
சாவிக்கொத்தைப் பிடித்தபடி சும்மா இருந்தது.

ஏழு மணி.

கடைசியில் தோட்டா.
பழி போட வசதியான பொருள், பதில் பேசாது.
ஒரே பெயர், ஒரே ஈயம், ஒரே விலை;
பெட்டியின் ஓரத்துத் தொகுதி எண் மாறினால்
துளைக்கூட்டம் விரியும், சுருங்கும்.
இரண்டு மடங்கு விலைக்கு வாங்குகிற
பக்கத்துத் தடத்து ஹிதாயத்திடம்
"ஈரப்பதம்" என்றேன்.
சிங்கப்பூரில் எதற்கும் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

முப்பத்தோராவது வெடிக்கவில்லை.
டிக்.
ஓசையில்லை, உதையில்லை, புகையில்லை.
ஆனாலும் குழலின் மூக்கு
கீழே, இடப்பக்கமாக,
கும்பிடு போடுவதுபோல் குனிந்தது.
நானே பார்த்தேன்.

தாமதித்து வெடிக்கலாம் என்பதால்
முப்பது வினாடி
இலக்கின் பக்கமே நீட்டி நிற்க வேண்டும்.
அது விதி.
நின்றேன்.
இழுத்ததாக நினைத்திருந்தேன், இத்தனை நாளும்
பறித்திருக்கிறேன்.
வராத வெடிக்கு
மணிக்கட்டு முந்திக்கொண்டு பயந்திருக்கிறது.
உட்லண்ட்ஸ் பாலிகிளினிக்கில்
நாளுக்கு அறுபது பேருக்கு ரத்தம் எடுக்கிறவள் நான்.
எறும்பு கடிச்ச மாதிரிதான் அங்கிள், என்பேன்.
ஊசி தோலைத் தொடுமுன்பே சுருங்கும் தோள்களை
ஆடாதீங்க என்று
எத்தனை முறை அதட்டியிருப்பேன்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

வெளியே எடுத்தேன். ஈயத்தலை அப்படியே.
பித்தளை விளிம்பில் மட்டும்
நகம் பதிந்ததுபோல் ஒரு பள்ளம்.
வீட்டுக்குக் கொண்டுபோக ஆசையாக இருந்தது.
ரோஸ்னா சிவப்புத் தகர டப்பாவை நீட்டினார்.
தெக்கோங்கில் ஒற்றை வெற்றுக்கூட்டுக்காக
இருட்டும்வரை புல்லில் தவழ்ந்த கதையை
ஹிதாயத் ஆரம்பித்தான்.
போட்டேன். டங் என்றது.
ஒன்று, என்று அவர் எழுதிக்கொண்டார்.

பெட்டியில் இன்னும் பத்தொன்பது.
எது வெடிக்கும், எது வெடிக்காது,
இப்போது எதன் மீதும் எனக்கு நிச்சயமில்லை.
முன்குறி கூர்மையாக, இலக்கு மங்கலாக,
விரலை மெல்ல, இன்னும் மெல்ல.
எப்போது வெடித்ததென்று தெரியவில்லை.

எட்டு.
திசை அதே ஏழுதான்.
உற்றுப் பார்த்தால்
ஆறே முக்கால்.